சத்தத்தை வாயால் செய்து காட்டவும்

அந்த கார் சேவை மையத்தில் காரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள். உள்ளே நுழைந்ததும் கையில் காபியைத் திணிப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் அது நம்மை இடுப்பு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எதிரே பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கு அப்பால் நம் கார். பிரசவ ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல நம் காரை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். தொடக்கூடாது.

நான் பல் டாக்டர். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றவேண்டும் என்பதுதான். அதையும் சில சமயம் தப்பான பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அசடு வழிவேன். அப்போது என் மனைவிக்கு நிறைமாதம். சில நாள் காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு சத்தம், அப்புறம் மௌனம். அவளுக்கு வலி எடுக்கிற அன்றைக்கு வண்டி கிளம்பவேண்டும், நான் அவள் பக்கத்தில் இருக்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்காகத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனேன்.

வரவேற்பில் இருந்த ஆலோசகர் டை கட்டியிருந்தார். டையில் ஒரு குட்டி ஸ்பேனர் குத்தியிருந்தது. அந்த மையம் முழுவதிலும் நான் கண்ணால் பார்த்த ஒரே ஸ்பேனர் அதுதான்.

"என்ன பிரச்சினை சார்?"

"சில நாள் கிளம்ப மாட்டேங்குது. ஒரு சத்தம் மட்டும் வருது."

"செஞ்சு காட்டுங்க."

"வண்டி வாசல்லதான் நிக்குது. நீங்களே சாவியைத் திருப்பிப் பாருங்களேன்."

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதுபோல அவர் முகம் சுருங்கியது. "உரிமையாளரோட அனுபவத்துல நாங்க குறுக்கிடறதில்லை சார். ஒலி அறைக்கு வாங்க."

ஒலி அறையின் சுவர் முழுக்க பஞ்சு ஒட்டியிருந்தார்கள். நடுவே ஒரு ஸ்டூல், ஒரு மைக். மைக்குக்கு மேலே பலகை: 'சத்தத்தை வாயால் செய்து காட்டவும்.' நான் ஸ்டூலில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "டக்" என்றேன்.

ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கொஞ்சம் வயித்துலேருந்து எடுங்க சார்."

"டக்."

"இது கதவு சாத்தற சத்தம் ஆச்சே. கார் சத்தம் கொடுங்க."

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். அவர் கேட்டுவிட்டு, இதில் லேசாக 'டொக்' சாயல் அடிக்கிறது என்றார். மூன்றாவதாக வந்தவர், குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை என்றார். பல்லைப் பிடுங்கும்போதுகூட நான் அவ்வளவு வியர்த்ததில்லை. கடைசியில் சாட்சிக்கு என் மனைவியைச் செய்து காட்டச் சொன்னார்கள்.

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "நான் கத்தறதுக்குன்னு ஒரு நாள் வருது. அதுவரைக்கும் என் தொண்டையைச் சும்மா விடுங்க."

சத்தம் உறுதியாகவில்லை என்று முடிவாயிற்று. இருந்தாலும் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்ப எடுக்க வரும்போது 'உரிமையாளர் விழிப்புணர்வு வகுப்பில்' உட்கார்ந்தால்தான் சாவி கிடைக்குமாம்.

வகுப்பை நடத்தியவர் மையத்தின் மேலாளர். அவருக்கு ஒரு மீசை இருந்தது. அடர்த்தியாக, எண்ணெய் தடவி, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வெட்டி, முனையை லேசாக முறுக்கிவிட்டது. அந்த இடத்தில் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட ஒரே பொருள் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பேசும்போது நடுநடுவே அதைத் தடவிக்கொள்வார்.

"அன்பான உரிமையாளர்களே! கார் வாங்கறவங்க செய்யற முதல் தப்பு என்ன தெரியுமா? அது தங்களோடதுன்னு நினைச்சுக்கறது" என்று ஆரம்பித்தார். "நம்ம வாடிக்கையாளர் ஒருத்தர். நல்ல மனுஷன். ஒரு நாள் தானே டயருக்குக் காத்து பார்த்தார். நாங்க பொறுத்துக்கிட்டோம். அப்புறம் தானே ஆயில் அளவு பார்த்தார். அப்புறம் ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தினார். இன்னிக்கு அவர் என்ன ஆனார்? இந்தப் பக்கமே வர்றதில்ல!"

கூடத்தில் பெருமூச்சு எழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி எழுந்து, "அப்ப அவர் வண்டி நல்லா ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"அது எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? ஓடற வண்டிகளைப் பத்தி எங்ககிட்ட எந்தத் தகவலும் கிடையாது."

பின்னால் ஒருவர் கேட்டார்: "பானெட்டுக்குள்ளேருந்து புகை வந்தா என்ன சார் செய்யணும்?"

"நல்ல கேள்வி. படம் பிடிச்சு அனுப்பணும். படுக்கை வாட்டத்துல பிடிக்கணும். நிமிர்த்திப் பிடிச்ச புகையை நாங்க ஏத்துக்க மாட்டோம்."

எல்லோரும் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அந்த வெட்கக்கேட்டை ஏன் மறைக்கவேண்டும்.

பிறகு வெல்வெட் மெத்தை மேல் ஒரு ஸ்டீயரிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அதன் மேல் வலது கையை வைத்து, 'என் காரின் பானெட்டை நான் திறக்கமாட்டேன், பிறர் திறப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன்' என்று உறுதி சொல்லவேண்டும். எனக்கு முன்னால் போனவர் தழுதழுத்த குரலில் சொன்னார். நானும் சொன்னேன். 'பொறுப்புள்ள உரிமையாளர்' என்று ஒரு பட்டயம் கொடுத்து, கைதட்டினார்கள்.

வண்டி வாசனையாக வந்து நின்றது. பானெட்டும் முகப்பும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதுதான் முத்திரை. அது கிழிந்தால் வாரண்டி போய்விடும். ஆலோசகர் ரிப்பன் கட்டிய ஒரு பிளாஸ்டிக் கவரை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே பழைய வைப்பர்.

"மாத்தின பழைய பாகம் சார். உங்க பொருளை நாங்க வெச்சுக்க மாட்டோம்."

"நான் வைப்பர் மாத்தச் சொல்லவே இல்லையே?"

"சொல்லாமலே செய்யறதுதான் சார் சேவை."

"சரி, அந்தக் கிளம்பாத விஷயம்?"

"கவனிச்சோம் சார். அது குறை இல்ல, குணம். சில வண்டிங்களுக்குக் காலையில எழுந்திருக்கச் சோம்பலா இருக்கும். போகப் போகப் பழகிடும்."

என் மனைவிக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில். போட்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவளை உட்காரவைத்து, சாவியைத் திருப்பினேன்.

டக்.

மறுபடி திருப்பினேன். டக். ஒலி அறையில் நான் செய்து காட்டினேனே, அச்சு அசல் அதே டக். ஆனால் அதைப் பாராட்ட அங்கே யாரும் இல்லை.

மச்சினனுக்குப் போன் செய்தேன். மனைவியின் தம்பி, பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிற வண்டி அவனுடையது. கேன்களோடு அப்படியே வந்து நின்றான்.

"மாமா, பானெட்டைத் திறங்க. பேட்டரி முனைதான் லூஸா இருக்கும்."

"முத்திரை இருக்குடா."

"என்னது?"

"கிழிச்சா வாரண்டி போயிடும்."

அவன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க முத்திரையைக் கட்டிக்கிட்டு நீங்களே அழுங்க. டேய், நீ வண்டியை எடுடா!" அவன் வண்டியில் முன்னால் இருவர்தான் உட்காரலாம். பின்னால் முழுக்க கேன். "வண்டி கிளம்பினதும் பின்னாடியே வரேன்" என்றேன். தண்ணீர் தளும்பத் தளும்ப அவர்கள் போய்விட்டார்கள்.

மையத்தின் அவசர எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். "சத்தத்தைச் செஞ்சு காட்டுங்க சார்."

"டக்."

"நன்றி சார். ஆட்கள் வழியில இருக்காங்க. அஞ்சு நிமிஷம்."

வரவில்லை. மறுபடி அடித்தேன். டக் என்றேன். வழியில் இருக்கிறார்கள் என்றாள். இப்படியே நான் டக் என்பதும் அவள் ஐந்து நிமிஷம் என்பதுமாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து மச்சினன் என் இன்னொரு போனில் கூப்பிட்டான். அதை ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவியின் அலறல் வாசலெல்லாம் கேட்டது.

"சார், பின்னணியில வேற ஒரு சத்தம் வருதே. அது எந்த பாகம்?" என்றாள் அந்தப் பெண்.

"அது என் மனைவிம்மா."

"மன்னிக்கணும் சார். அது எங்க வாரண்டியில வராது."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இரண்டு கையாலும் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. நாள் முழுக்க ஊரார் பல்லில் நான் சுரண்டி எடுக்கிற அதே மாதிரி காரைப் படிவு. நட்டு கையால் அசைத்தாலே ஆடியது. சமையலறையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி, துணியால் துடைத்து, இடுக்கியால் நட்டை இறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். வண்டி கிளம்பிவிட்டது. இந்தக் கதையிலிருந்து யாருக்காவது உபயோகமாக ஏதாவது வேண்டுமென்றால் இந்த ஒரு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். துடைத்த பிறகு மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது.

ஆஸ்பத்திரிப் படியேறும்போது மச்சினன் எதிரே ஓடி வந்தான். சட்டையெல்லாம் தண்ணீர்.

"மாமா, பொண்ணு!"

"அழுதாளா?"

"என்னா அழுகை! வராந்தா முழுக்கக் கேட்டுது."

"எப்படி அழுதா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு அங்கேயே நின்று, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் செய்து காட்டினான். நன்றாகத்தான் செய்தான், குறை சொல்லமுடியாது. ஆனால் என் மகளின் முதல் அழுகையை ஒரு தாடிக்காரனின் தொண்டையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள நேர்ந்தது எனக்கு. படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இதை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு, "உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது சார். ஆனா முத்திரைக்கு உணர்ச்சி கிடையாது. வாரண்டி போனது போனதுதான்" என்றார். போகும்போது கையில் ஒரு காபியைத் திணித்தார்கள். பெரிய மனது பண்ணி எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வேறு ஏதாவது கதை படிக்கலாம். நான் மன்னிக்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுத்து ஏப்பம் விடவைக்கும்போதும் மனசுக்குள் அந்த மீசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்குத் தலை நிற்க ஆரம்பித்த சமயம். ஒரு நாள் முற்பகலில், கன்னம் வீங்கி, கர்ச்சீப்பால் தாடையைத் தாங்கிக்கொண்டு ஒருவர் என் கிளினிக்குள் வந்தார். கர்ச்சீப்புக்கு மேலே மீசை தெரிந்தது. முகக்கவசமும் தொப்பியும் போட்டிருந்ததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கிற அக்காவைத் தனியாகக் கூப்பிட்டேன். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் என் மனைவியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்; மையத்தில் நடந்த கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். "அக்கா, அவர்தான்" என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நான் எதுவும் சொல்லாமலே போய்க் கொதிக்கக் கொதிக்க ஒரு காபி போட்டு எடுத்துவந்து அவர் கையில் திணித்தார்.

"பல்லு வலிக்குதும்மா, காபி எப்படி..."

"குடிங்க சார். உள்ள வர்றவங்க குடிக்காம இருக்கக்கூடாது."

ஒரு வாய் குடித்துவிட்டுத் துள்ளினார். நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பினேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பல் குத்துகிற குச்சியின் முனை ஒடிந்து மாட்டிக்கொண்டு, சுற்றிலும் ஈறு வீங்கியிருந்தது. இடுக்கியால் ஒரு இழு, அவ்வளவுதான் வேலை. விளக்கை அணைத்தேன்.

"வலிக்கும்போது என்ன சத்தம் வருது சார்?"

"சத்தமா? விண்ணு விண்ணுன்னு தெறிக்குது டாக்டர்."

"செஞ்சு காட்டுங்க."

அவர் திகைத்தார். ஆனால் வழக்கமில்லாத கேள்வியாக அவருக்குப் படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "விண்ண்ண்" என்றார்.

"கொஞ்சம் வயித்துலேருந்து எடுங்க."

"விண்ண்ண்ண்!"

அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கென்னமோ இது முன்பல்லு சத்தம் மாதிரி இருக்கு டாக்டர்."

உறுதியாகவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பன்னீரால் துடைத்து, தலையை வாரிவிட்டு, காதுக்குப் பின்னால் அத்தர் தடவினோம். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "ரொம்ப முறையா செய்யறீங்க" என்று மட்டும் முனகினார்.

"இது குறை இல்லை சார், குணம்" என்றேன். "சில பல்லுக்கு வலிக்கிற சுபாவம் இருக்கும். நீங்க பல்லு உங்களோடதுன்னு நினைக்கறதுதான் தப்பு. அடிக்கடி கண்ணாடியில திறந்து பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

சுண்ணாம்பு மாவில் வார்த்த பல் செட்டு ஒன்றை அக்கா துண்டின் மேல் வைத்து எடுத்துவந்தார். யாரும் கேட்காமலே அவர் வலது கையை அதன் மேல் வைத்தார். தன் வாயைத் தானே திறக்கமாட்டேன் என்று உறுதி சொல்லவைத்தோம். பிறகு அகலமான பிளாஸ்டர் ஒன்றை எடுத்து, உதடு இரண்டையும் மூடி, மீசையோடு சேர்த்து அழுத்தி ஒட்டினேன். மூக்குக்கு வழி விட்டிருந்தேன். என்ன இருந்தாலும் நான் டாக்டர்.

"முத்திரை சார். நீங்களா பிரிச்சா அப்புறம் நாங்க பொறுப்பில்லை. டாக்டர் வழியில இருக்கார். அஞ்சு நிமிஷம்."

நான்தான் டாக்டர் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தலையாட்டினார்.

உள்ளறையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் செய்து மகள் தூங்கிவிட்டாளா என்று விசாரித்தேன். நடுநடுவே அக்கா எட்டிப் பார்த்து, "வழியில இருக்கார் சார்" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. அவர் கையைக் காலை யாரும் கட்டவில்லை. நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பினால் பிளாஸ்டர் வந்துவிடும். கண்ணில் நீர் வழிய, தொடையைப் பிசைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை கை தானாக வாய்வரை போயிற்று. "முத்திரை சார்" என்றார் அக்கா. கை இறங்கிவிட்டது. இந்த மனிதர் ஊரை ஏமாற்றுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அவர் அதையெல்லாம் மனசார நம்பினார். அதற்காக நான் இரக்கப்பட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

போய் எதிரே நின்று தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றினேன். அவர் என்னையே பார்த்தார். பிளாஸ்டருக்குள்ளிருந்து "ம்ம்ம்!" என்று ஒரு சத்தம் வந்தது.

"அக்கா, பின்னணியில ஏதோ சத்தம் வருதே. அது எந்த பாகம்?" என்றேன்.

பிறகு பிளாஸ்டரின் ஒரு முனையைப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரே இழு. அவர் போட்ட கத்தலில் தெருவில் போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டர் ஒன்று நின்றுவிட்டது. திறந்த வாய் திறந்தபடி இருக்கும்போதே இடுக்கியை விட்டுக் குச்சி முனையை எடுத்துவிட்டேன். மருந்து வைத்தேன். வீக்கத்துக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் நாக்கால் தடவிப் பார்த்தார். வலி போய்விட்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான் சார். என் வண்டியிலயும் இவ்வளவுதான் இருந்துச்சு."

அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரை ரிப்பன் கட்டி நீட்டினார். உள்ளே பிளாஸ்டர், அதில் பாதி மீசை. "கழட்டின பழைய பாகம் சார். உங்க பொருளை நாங்க வெச்சுக்க மாட்டோம்." அவர் கண்ணாடியைப் பார்த்தார். மீசையின் இடது பக்கம் முறுக்கோடு இருந்தது, வலது பக்கம் சிவந்த தோல்தான் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கப் போய், பாதியில் கையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தொடலாமா டாக்டர்?" என்றார்.

நான் கை கழுவப் போனேன். அவர் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, தொடாமலே போனார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி கட்டிலில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். மச்சினன் வாசலில் கேன் இறக்கிக்கொண்டிருந்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நம்பவில்லை. "அந்த ஆளா கத்தினான்? எப்படிக் கத்தினான்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்து, அந்த மேலாளர் கத்திய கத்தலை வாயால் செய்து காட்டினேன். என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம் உதட்டைப் பிதுக்கினாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். அதுவரை அவள் சத்தம் போட்டுச் சிரித்ததே இல்லை. பொக்கை வாயைத் திறந்து, வயிறு குலுங்க, கட்டிலெல்லாம் அதிர ஒரு சிரிப்பு. நான் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து அதை முழுக்கக் கேட்டேன்.

மச்சினன் தோளில் கேனோடு உள்ளே ஓடி வந்தான். அதற்குள் அவள் நிறுத்திவிட்டிருந்தாள்.

"சிரிச்சாளா? அய்யோ, நான் பார்க்கலையே! எப்படி மாமா சிரிச்சா? செஞ்சு காட்டுங்க, செஞ்சு காட்டுங்க!"

முடியாது என்று சொல்லிவிட்டேன்.